ஐம்பது நிமிடத் தளபதி

சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள் அவள். ஓடிக்கொண்டிருந்த அச்சு இயந்திரம் பெருமூச்சு விட்டது. இரண்டு தாளைக் கசக்கித் துப்பிவிட்டு நின்றது.

"எவன்டா அது என் மிஷின்ல கை வச்சது?"

மை படிந்த பனியனோடு பின்பக்கத்திலிருந்து பாய்ந்து வந்தார் மிஷின்மேன். ஆளைப் பார்த்ததும் குரல் பாதியாக இறங்கியது.

"நீங்களாம்மா? ஏன் இப்படித் தலைதெறிக்க ஓடி வர்றீங்க?"

"பதினாலாவது ஃபாரம் எவ்வளவு ஓடியிருக்கு?"

"ஒரு இருநூறு. ஏன்?"

"அதுல தப்பு இருக்கு."

"ஃபைனல் ப்ரூஃப்ல கையெழுத்துப் போட்டதே நீங்கதானே?"

"நான்தான் போட்டேன். அப்போ இருபத்திரெண்டாவது ஃபாரம் என் கைக்கு வரலை. இப்போதான் வந்துச்சு."

மிஷின்மேன் தலையில் கை வைத்துக்கொண்டார். "இது ராணுவத்துப் புக்கும்மா. நாளைக்குக் காலையில விழா. லேட்டானா முதல்ல என்னைத்தான் சுவத்தோரமா நிக்க வச்சுச் சுடுவாங்க."

"என்னைக் கை காட்டிடுங்க. நான் வர்ற வரைக்கும் ஒரு தாள் ஓடக் கூடாது."

அவள் ஈர மை மணத்த தாள் ஒன்றை உருவிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். பதினெட்டு வருடமாக அந்த அச்சகத்தில் ப்ரூஃப் பார்ப்பவள் அவள். ஒற்றுப்பிழைக்குக்கூட உட்கார்ந்த இடத்திலிருந்து குரல் கொடுப்பாளே தவிர, எழுந்து ஓடியவள் இல்லை. இன்று ஓடியதற்குக் காரணம் இருந்தது. பதினான்காவது ஃபாரத்தில், அந்தப் பதினாறு பக்கத் தாளில், இருநூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில், அவளுடைய அப்பா இருந்தார்.

புத்தகம், நாட்டின் தலைமைத் தளபதி என்ற பதவியின் வரலாறு. முப்படைக்கும் மேலே ஒற்றை ஆளாக உட்காரும் அந்த நாற்காலியில் இதுவரை உட்கார்ந்தவர்கள் பதினேழு பேர். முதலாமவர் குதிரையில் வந்து சேர்ந்தார். ஐந்தாமவர் பதினோரு வருடம் பதவியில் இருந்து ஒரு சண்டையும் பார்க்காமல், சீருடைப் பித்தானை மட்டும் மூன்று தடவை மாற்றினார். மூன்றாமவர் காலத்தில்தான் வினை வந்தது. அவர் காய்ச்சலில் படுத்திருக்க, அவர் இடத்தில் இரண்டு ஜெனரல்கள் ஒரே நாளில் ஆளுக்கொரு உத்தரவு போட்டார்கள். ஒன்று 'முன்னேறு'. இன்னொன்று 'பின்வாங்கு'. இரண்டையும் நம்பிய ஒரு படை நடுவழியில் நின்று அழிந்தது.

அன்றிலிருந்து அந்த அலுவலகத்தில் ஒரு விதி வந்தது. எந்த நிமிடத்திலும் தளபதி ஒருவர்தான். ஒரு நாற்காலி, ஒரு கையெழுத்து, ஒரே ஒரு டெலிபோன். தளபதி மயக்க மருந்து வாங்கிக்கொள்வதாக இருந்தால்கூட, ஊசி போடும் முன் பொறுப்புச் சீட்டில் நேரம் எழுதிக் கையெழுத்திட்டு, துணைத் தளபதியிடம் நாற்காலியைக் கொடுத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். எழுந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்.

முப்பத்தாறு வருடத்துக்கு முன், எல்லைச் சண்டை உச்சத்தில் இருந்தபோது, பதினோராவது தளபதி அப்படித்தான் படுத்தார். 'சிறு அறுவை சிகிச்சை' என்கிறது புத்தகம். எந்த இடத்தில் என்று சொல்லவில்லை. மூல வியாதி என்பது நாடு பாதுகாத்த ரகசியங்களில் ஒன்று. காலை பத்து ஐம்பதிலிருந்து பதினொன்று நாற்பது வரை ஐம்பது நிமிடம், நாற்காலியில் உட்கார்ந்தவர் துணைத் தளபதி. அவள் அப்பா.

அந்த ஐம்பது நிமிடத்துக்குள்தான் ஆற்றுப்பாலம் வெடித்தது. நம் ஆட்கள் பதினேழு பேர் அக்கரையில் இருக்கும்போதே வெடித்தது. ஒருவரும் திரும்பவில்லை.

இருநூற்றுப் பதினெட்டாம் பக்கம் சொன்னது இதுதான்: 'காலை 11.22க்குப் பாலத்திலிருந்து தொலைபேசியில் அனுமதி கேட்கப்பட்டது. பொறுப்புத் தளபதி உடனே அனுமதி வழங்கினார். இப்பதவியின் வரலாற்றில் மிகத் தவறான உத்தரவு இதுவே.'

அடுத்த மாதமே அப்பாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். 'ஐம்பது நிமிஷம்' என்று பட்டப்பெயர் வந்தது. பள்ளிக்கூடத்தில் அவள் பக்கத்தில் உட்காரப் பிள்ளைகள் பயந்தார்கள், வெடித்துவிடுவாளாம். ஒருநாள் நடுத்தெருவில், அக்கரையில் செத்த பதினேழு பேரில் ஒருவருடைய மனைவி அப்பாவின் சட்டையில் காறித் துப்பினாள். அப்பா துடைக்காமலே வீடு வரை நடந்து வந்தார். கூட நடந்தவள் அவள். அப்போது அவளுக்குப் பத்து வயது.

*

மாடி அறையில் ஓய்வுபெற்ற கர்னல் மேஜையை அளந்து வைத்தது போல் உட்கார்ந்திருந்தார். புத்தகத்தின் பதிப்பாசிரியர் அவர்.

"மிஷின் சத்தம் நின்னுடுச்சே?"

"நான்தான் நிறுத்தினேன் சார்." தாளை மேஜையில் விரித்து, அதன் மேல் இருபத்திரண்டாவது ஃபாரத்தை வைத்தாள். "இது பின்னிணைப்பு. பாலத்துல நின்ன கேப்டனோட டைரி. படிங்க."

"நான் சேர்த்ததுதானே? அவர் போன வருஷம் செத்ததுக்கு அப்புறம் வீட்டுக்காரங்க குடுத்தாங்க."

"சேர்த்தீங்க. சேர்த்துப் படிக்கலை."

கர்னலின் மீசை துடித்தது. படித்தார். 'மூன்று முறை தலைமை அலுவலகத்துக்கு முயன்றேன். கிடைக்கவில்லை. எதிரி டாங்குகள் பாலத்தை நெருங்கிவிட்டன. தலைமை கிடைக்காவிட்டால் பாலத்தைத் தகர்க்கலாம் என்ற நிலையாணைப்படி நானே முடிவெடுத்தேன். 11.25.'

"கிடைக்கவே இல்லைங்கறார் சார். அப்புறம் எங்க அப்பா எப்படி அனுமதி குடுத்திருப்பார்?"

கர்னல் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க அப்பாவே எழுதிக் குடுத்திருக்காரேம்மா. 'அனுமதித்தேன்'னு அவர் கையெழுத்து. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பதிவேட்டுலயும் கால் கனெக்ட் ஆனதா இருக்கு."

"அன்னிக்கு லைன் செத்துப் போயிருக்கணும். அதை மறைக்க யாரோ எங்க அப்பா தலையில மிளகாய் அரைச்சிருக்காங்க."

"யாரோன்னு எல்லாம் வரலாற்றுல எழுத முடியாது. அன்னிக்கு எக்ஸ்சேஞ்ச் போர்டுல உக்காந்திருந்த ஆபரேட்டர் இன்னும் உயிரோட இருக்காங்க. நான் ரெண்டு தடவை லெட்டர் போட்டேன். பதிலே இல்லை." ஒரு சீட்டில் முகவரியை எழுதினார். "அந்தம்மா என்ன நடந்துச்சுன்னு முழுசா எழுதிக் கையெழுத்துப் போட்டா, பக்கத்தை மாத்தறேன். லைன் ஏன் கிடைக்கலைன்னு காரணம் வேணும். அரைகுறையா கொண்டு வராதீங்க. ரெண்டு மணி வரைக்கும் டைம். ரெண்டு அடிச்சா மிஷின் ஓடும்."

"ஓடினா?"

"மூவாயிரம் பிரதி. எல்லாப் பயிற்சிக் கல்லூரிக்கும் போகும். அப்புறம் அடுத்த பதிப்பு நம்ம பேரப்பிள்ளைங்க போட்டாத்தான் உண்டு."

மணி பதினொன்றரை.

*

ஸ்கூட்டர் நேராக ஆபரேட்டர் வீட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். வழியில் அப்பா வீடு. மனசு கேட்கவில்லை.

எண்பத்தொரு வயது அப்பா பழைய வாரப்பத்திரிகையைத் தரையில் விரித்து, கால் நகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். குனிந்தால் நகவெட்டி எட்டவில்லை. எட்டினால் கண் தெரியவில்லை. அவள் கீழே உட்கார்ந்து நகவெட்டியைப் பிடுங்கினாள்.

"வேலை நேரத்துல இங்கே என்ன?"

"உங்க பக்கம் மிஷின்ல ஏறிடுச்சு. நிறுத்திட்டு வந்தேன்."

அவள் கட்டைவிரல் நகத்தை வெட்டினாள்.

"அப்பா. அன்னிக்குப் பாலத்துலேர்ந்து உங்களுக்குக் கால் வரவே இல்லை. சரிதானே?"

"சுண்டுவிரலைப் பார்த்து வெட்டு. போன தடவை ரத்தம் வந்துச்சு."

"பேச்சை மாத்தாதீங்க. கேப்டன் டைரி இருக்கு."

"செத்தவர் டைரிக்குப் பதில் சொல்ல நான் யாரு? நான் எழுதிக் குடுத்தது குடுத்ததுதான்."

"செய்யாத தப்புக்கு ஏன் எழுதிக் குடுத்தீங்க?"

"பத்து வயசுலயும் இதைத்தான் கேட்டே. நாற்பத்திமூணு வயசுலயும் இதையே கேக்கறே. சலிக்கலையா உனக்கு?"

"உங்களுக்குச் சலிக்கலையா? அம்மா சாகற வரைக்கும் ஒரு கல்யாணம் காட்சிக்குத் தலை நிமிர்ந்து போனாங்களா? அந்தக் கிழவர், உங்க பெரிய தளபதி, மெடலோட மாலையோட போய்ச் சேர்ந்தார். நீங்க இங்கே நகம் வெட்ட ஆள் இல்லாம உக்காந்திருக்கீங்க."

"அவரைத் திட்டாதே." அப்பாவின் குரல் தணிந்தது. "மயக்கம் தெளிஞ்சதும் என்னைக் கூப்பிட்டார். ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். 'தளபதி தப்பா உத்தரவு போட்டார்னா படை தாங்கும். கூப்பிட்டப்போ தளபதி இல்லைன்னா தாங்காது. நாளைக்கு எந்த சிப்பாயும் ஃபோனை எடுக்க மாட்டான்'னார். எனக்கும் அது சரின்னு பட்டுச்சு."

அவள் கை நின்றது. "அப்போ உங்களுக்குக் கால் வரலைன்னு ஒத்துக்கறீங்க."

அப்பா உதட்டைக் கடித்துக்கொண்டார். முப்பத்தாறு வருடத்தில் அவர் வாய் தவறியது அதுதான் முதல் தடவை.

"நான் ஆபரேட்டரைப் பார்க்கப் போறேன்."

"வேண்டாம்." அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். உத்தரவு போட்டே பழகிய குரல் கெஞ்சியது. "சொன்னாக் கேளும்மா. அந்தப் பக்கம் அப்படியே இருக்கட்டும். நான் அதோட பழகிட்டேன்."

"நான் பழகலையே அப்பா."

கையை விடுவித்துக்கொண்டு எழுந்தாள். ஸ்கூட்டரைக் கிளப்பும்போது திரும்பிப் பார்த்தாள். ஒரு கால் நகம் வெட்டி, இன்னொரு கால் வெட்டாமல், அப்பா வாசல்வரை வந்து நின்றிருந்தார்.

*

அடுக்குமாடிக் கட்டிடம். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்றாவது மாடியில் கதவைத் திறந்த அம்மாளுக்கு அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். தோளில் ஈரத் தலையணை உறைகள்.

"நீ யாருன்னு சொல்ல வேண்டாம். மூக்கைப் பார்த்தாலே தெரியுது. துணைத் தளபதி மூக்கு. உள்ளே வா." அந்த அம்மாள் பால்கனிக்கு நடந்தாள். "மெதுவாத்தான் வருவேன். இந்த முட்டி என் பேச்சைக் கேக்கறதை நிறுத்தி நாலு வருஷமாச்சு."

"அக்கா, எனக்கு டைம் இல்லை. அன்னிக்கு லைன் செத்துப் போயிருந்துச்சுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடுங்க. போதும்."

தலையணை உறையை உதறிக் கொடியில் போட்ட அந்த அம்மாள், கிளிப்பைக் குத்தாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"லைன் சாகலை."

"பின்னே?"

"என் போர்டுல லைன் செத்ததா சரித்திரமே இல்லை. பதினோரு இருபதுக்குப் பாலத்து விளக்கு எரிஞ்சுது. என் கண்ணு முன்னாடி. செருகலாம்னு கார்டு வயரைக் கையில எடுத்துட்டேன். தளபதி லைன் பிஸி."

ஸ்கூட்டர் சாவி அவள் கையில் குத்தியது. "பிஸின்னா?"

"வேற கால்ல பேசிட்டு இருந்தார் உங்க அப்பா. நாலு நிமிஷம். விளக்கு எரியும், அணையும். மறுபடி எரியும். மூணு தடவை. தளபதி லைன்ல நாங்க குறுக்கே நுழையக் கூடாது. என்ன தலைபோற விஷயமா இருந்தாலும் கூடாது. மூணாவது தளபதி காலத்துலேர்ந்து அதுதான் ரூல். நுழைஞ்சா கோர்ட் மார்ஷல். நான் கார்டைக் கையில பிடிச்சிட்டு, 'வச்சிடுங்க, வச்சிடுங்க'ன்னு வாய்க்குள்ளேயே சொல்லிட்டிருந்தேன். பதினேழு பேர் அம்மா. ரூல் புக்கை மனப்பாடமா வச்சிருந்தேன். அதைத் தூக்கிப் போட எனக்குத் தைரியம் வரலை."

"யார்கூட அக்கா பேசினார்? மந்திரியா?"

"மந்திரி இல்லை. வெளிக் கால், ராணுவத்துக்கு வெளியிலேர்ந்து. அந்த லைனுக்கு வெளிக் காலே குடுக்கக் கூடாது. காலையில பொறுப்பு எடுத்துக்க வந்தப்போ அவரே என் ரூமுக்கு வந்து, சிரிச்சிட்டே சொன்னார். 'பதினொண்ணே காலுக்கு மேல ஒரு கால் வரும். ஒரே ஒரு நிமிஷம் குடுத்துடு, யாருக்கும் சொல்லாதே'ன்னார். அவர் அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை. சரின்னுட்டேன்."

முப்பத்தாறு வருடக் கோபம் எல்லாம் திசை தெரியாமல் தடுமாறி, திடீரென்று அப்பா பக்கம் திரும்பியது. அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது.

"பொம்பளையா?"

அந்த அம்மாள் அவளையே பார்த்தாள். "ஆமா."

"எங்க அம்மா அவருக்காக அத்தனை அவமானப்பட்டாங்க. இவர் நாற்காலியில உக்காந்துட்டு எவளோ ஒருத்தியோட..." முடிக்க முடியவில்லை. "அதுக்குத்தான் என்னை வர வேண்டாம்னாரா? அவளைக் காப்பாத்தத்தான் எழுதிக் குடுத்தாரா?"

"ஆமா. அவளைக் காப்பாத்தத்தான்." அந்த அம்மாள் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். "அன்னிக்குச் சாயங்காலம் என் ரூமுக்கு வந்தார். முகத்துல ரத்தமே இல்லை. 'பாலத்துக் கால் கனெக்ட் ஆச்சுன்னு எழுது. அந்த வெளிக் காலை எழுதாதே. உன் வேலைக்கும் ஒண்ணும் வராது, அவளுக்கும் என்னிக்கும் தெரிய வேண்டாம்'னார். எழுதினேன். அதே வேலையில ரிடையராகி, நல்லாத்தான் இருக்கேன். இந்த வீடு, இந்தப் பால்கனி எல்லாம் அந்த ஒரு வரியில கட்டினது. துணி காயப் போடும்போதெல்லாம் அந்த விளக்குதான் கண்ணுல தெரியும்."

"பேரைச் சொல்லுங்க அக்கா. அந்தப் பேர் இல்லாம கர்னல் ஒத்துக்க மாட்டார்."

"வாயால சொல்ல மாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன்."

"எழுதுங்க, அப்போ. எழுத மாட்டேன்னு சத்தியம் பண்ணலையே?"

அந்த அம்மாள் கசப்பாகச் சிரித்தாள். "பேச்சும் அப்பா மாதிரியேதான்." நெடுநேரம் தன் முட்டியையே தடவிக்கொண்டிருந்தாள். பிறகு தாளை வாங்கி, மடியில் ஒரு தட்டை வைத்து, அதன் மேல் எழுத ஆரம்பித்தாள். பதிவேட்டில் எழுதிப் பழகிய குண்டு குண்டான எழுத்து. ஒரு பக்கம் முழுக்க எழுதினாள். கையெழுத்துப் போட்டு, நேரத்தையும் குறித்தாள்.

"படிக்கறதுக்கு முன்னாடி உக்காரு."

அவள் நின்றுகொண்டே படித்தாள். ப்ரூஃப் பார்க்கிற கண், முதல் வரியிலிருந்து எழுத்தெழுத்தாக இறங்கியது. கடைசி மூன்று வரிக்கு வந்ததும் மேலே போயிற்று. மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு உட்கார்ந்தாள். தரையில்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ தெரியாது. அந்த அம்மாள் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். மொபைல் அடித்தது. கர்னல்.

"மணி ஒண்ணு ஐம்பத்தஞ்சு. கிடைச்சுதா இல்லையா? மிஷின்மேன் என்னை முறைச்சிட்டு நிக்கறார்."

அவள் தாளை மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

"ஹலோ? கையெழுத்துப் போட்டாங்களா?"

"போட்டாங்க சார்."

"நல்லது. லைன் டெட்டுதானே?"

"இல்லை சார். பிஸி. அப்பா அனுமதி குடுக்கலை. அவருக்கு அந்தக் காலே போகலை. நாலு நிமிஷம் வேற ஒரு கால்ல பேசிட்டு இருந்தார்."

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது. "இது உத்தரவு போட்டதை விட மோசம்மா. புரியுதா உங்களுக்கு?"

"புரியுது சார்."

"வேணும்னா ஒண்ணு பண்ணலாம். பழைய பக்கமே ஓடட்டும். உங்க அப்பாவும் அதைத்தான் விரும்பினார்னு தோணுது. நீங்க அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுடுங்க. நான் கேட்கலை, நீங்க சொல்லலை."

அவள் தாளைப் பார்த்தாள். பதினேழு வீடுகளை நினைத்தாள். அப்பாவின் சட்டையில் வழிந்த எச்சிலை நினைத்தாள். அவர் அதைத் துடைக்காமல் பக்கத்தில் நடந்தவளின் விரலைப் பிடித்துக்கொண்டு வந்ததை நினைத்தாள்.

"மாத்துங்க சார். நடந்தது நடந்த மாதிரி போடுங்க."

"மாத்தணும்னா யார்கூடப் பேசினார்னு எனக்கு வேணும். பேரில்லாம மாத்த மாட்டேன். யாரு அது?"

"நான்தான் சார்." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். "நான்தான். எனக்கு ஏழு வயசு. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லை சார், எல்லாம் அன்னிக்குச் சாயங்காலம் அப்பா ஆபரேட்டர்கிட்ட சொன்னது. இன்னிக்கு ஐம்பது நிமிஷம் அப்பாதான் தளபதி, கூப்பிட்டுப் பாருன்னு நம்பரை எழுதி வச்சிட்டுப் போயிருக்கார். கூப்பிட்டு ஆறாம் வாய்ப்பாடு ஒப்பிச்சிருக்கேன். நடுவுல தப்பு விட்டுட்டேனாம். 'தளபதி உத்தரவு, மறுபடி முதல்லேர்ந்து சொல்லு'ன்னாராம் அப்பா."